சொல்லும் இசையும்: ஓபராவின் நானூறு ஆண்டுகள்

ஓபரா என்பது பாடியே நடிக்கப்படும் நாடகம். பாத்திரங்கள் காதலிப்பதும் சண்டையிடுவதும் கடிதம் படிப்பதும் உயிர் விடுவதும் பாட்டிலேயே நிகழும். இசைக்குழு பின்னணி வாசிப்பதோடு நிற்காது. பாத்திரம் வாய்விட்டுச் சொல்லாததையும் அது சொல்லும். கவிதை, இசை, நடிப்பு, நடனம், ஓவியம், மேடைப் பொறியியல் எல்லாம் ஒரே மாலையில் ஒரே மேடையில் கூடும் கலை இது. இத்தாலிய மொழியில் 'ஓபரா' என்ற சொல்லுக்குப் 'படைப்பு' என்று பொருள். மேடையில் பாடப்படும் நாடகப் பாடத்துக்கு 'லிப்ரெட்டோ', அதாவது 'சிறு நூல்', என்று பெயர்.

சொல்லுக்கு இசை துணையா, இசைக்குச் சொல் துணையா என்ற வழக்கு இக்கலை பிறந்த நாளிலிருந்து நடந்து வருகிறது. ஓபராவின் வரலாற்றையே அந்த வழக்கின் வரலாறாகப் படிக்கலாம். அதற்குச் சாட்சியாக ஒரு கதையும் கூடவே வருகிறது. கிரேக்கப் பாடகன் ஆர்ஃபியஸின் மனைவி யூரிடிசி பாம்பு தீண்டி இறக்கிறாள். அவன் பாதாளம் சென்று, பாடியே அதன் தெய்வங்களை இளக்கி, அவளை மீட்கிறான். வெளியேறும்வரை திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது நிபந்தனை. அவன் திரும்பிப் பார்க்கிறான். இரண்டாம் முறையும் அவளை இழக்கிறான். பாட்டின் வலிமையையும் அதன் எல்லையையும் ஒருங்கே காட்டும் இக்கதைக்கு ஓபரா தன் திருப்புமுனைகள் சிலவற்றில் மீண்டும் மீண்டும் வந்திருக்கிறது.

ஃப்ளோரன்ஸில் பிறப்பு

16ஆம் நூற்றாண்டின் இறுதியில் இத்தாலியின் ஃப்ளோரன்ஸ் நகரில் ஜோவன்னி பார்டி என்ற பிரபுவின் இல்லத்தில் அறிஞர்களும் இசைவாணர்களும் கூடி விவாதித்து வந்தனர். பழைய கிரேக்கத் துன்பியல் நாடகங்கள் பாடப்பட்டன என்றும், அதனால்தான் அவை கேட்டவர் நெஞ்சை உலுக்கின என்றும் அவர்கள் நம்பினர். அன்றைய ஐரோப்பிய இசையில் நான்கைந்து குரல்கள் வெவ்வேறு மெட்டுகளை ஒரே நேரத்தில் பின்னிப் பாடின. அந்தப் பின்னலில் சொற்கள் காணாமல் போவதாக, வானியலாளர் கலிலேயோவின் தந்தை வின்செஞ்சோ கலிலேயி 1581இல் வெளியிட்ட நூலில் வாதிட்டார். ஒரே குரல் பாட வேண்டும். அதைச் சில கருவிகள் தாங்க வேண்டும். சொல் தெளிவாகக் கேட்க வேண்டும் என்பது அவர்கள் கண்ட தீர்வு.

யாக்கோப்போ பெரி அத்தீர்வுக்கு வடிவம் தந்தார். பேச்சுக்கும் பாட்டுக்கும் நடுவே, ஏறத்தாழ ஓதுவது போல் நகரும் ஒரு பாணியை அவர் வகுத்தார். பிற்காலத்தில் அதற்கு 'ரெசிட்டட்டிவோ' என்று பெயர் நிலைத்தது. கவிஞர் ஒட்டாவியோ ரினுச்சீனியின் நூலுக்கு அவர் இசையமைத்த 'டாஃப்னே' 1598ஆம் ஆண்டளவில் அரங்கேறியது. அதன் இசையில் பெரும்பகுதி இன்று இல்லை. 1600 அக்டோபர் 6ஆம் நாள், மரியா தெ மெடிச்சிக்கும் பிரான்சின் மன்னர் நான்காம் ஹென்றிக்கும் நடந்த திருமண விழாவின்போது ஃப்ளோரன்ஸின் பிட்டி அரண்மனையில் 'யூரிடிசே' நடிக்கப்பட்டது. முழு இசையோடு கிடைக்கும் மிகப் பழைய ஓபரா இதுவே. ஆர்ஃபியஸாகப் பெரியே பாடினார். மண விழாவுக்கு ஏற்ப, இந்த ஆர்ஃபியஸ் நிபந்தனை ஏதுமின்றி மனைவியை மீட்டு வந்துவிடுகிறான்.

மாந்துவாவின் 'ஆர்ஃபியோ'

ஏழாண்டுகள் கழித்து, 1607 பிப்ரவரியில், மாந்துவா அரசவையில் கிளாடியோ மாண்டெவெர்டியின் 'ஆர்ஃபியோ' அரங்கேறியது. பெரியின் படைப்பை ஒரு சோதனை என்றால், இதை முதல் பெரும்படைப்பு எனலாம். இதன் அச்சிட்ட இசைப்பிரதி ஏறத்தாழ நாற்பது கருவிகளைக் கேட்கிறது. மண்ணுலகக் காட்சிகளில் தந்திக் கருவிகளும் குழல்களும் ஒலிக்கின்றன. பாதாளத்துக்கு டிராம்போன்களும், துருத்தியால் இயங்கும் கரகரத்த சிறு ஆர்கனும் ஒதுக்கப்பட்டுள்ளன. திரை மாறுமுன்பே எந்த உலகில் இருக்கிறோம் என்பதைச் செவி அறிந்துகொள்கிறது.

இரண்டாம் அங்கத்தில் இடையர்கள் ஆர்ஃபியஸின் திருமணத்தைக் கொண்டாடி ஆடிப் பாடுகிறார்கள். அந்தக் களிப்பின் நடுவே தூதுப் பெண் ஒருத்தி வருகிறாள். மற்றக் கருவிகள் ஓய, ஓர் ஆர்கனும் ஒரு பெரிய வீணை போன்ற கருவியும் மட்டும் மிஞ்சுகின்றன. சுரங்களின் நிறமே மாறிவிடுகிறது. என்ன நடந்தது என்று இடையர்களுக்கு இன்னும் புரியவில்லை. அவர்கள் பழைய இனிய சுரங்களிலேயே கேள்வி கேட்கிறார்கள். கடைசியில் அவள் யூரிடிசி இறந்த செய்தியைச் சொல்கிறாள். உலகின் தலைசிறந்த பாடகன் அதற்குத் தரும் பதில் ஒரு சொல் அளவேயான அலறல். மெட்டுக் கட்டிப் புலம்பும் வாய்ப்பை இசையமைப்பாளர் அந்தக் கணத்தில் வேண்டுமென்றே விட்டுவிட்டார்.

மூன்றாம் அங்கத்தில் ஆர்ஃபியஸ் பாதாள நதியின் படகோட்டியிடம் வழி கேட்டுப் பாடுகிறான். இப்பாடலுக்கு மாண்டெவெர்டி இரண்டு வரிகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அச்சிட்டார்: ஒன்று அணியில்லாத எளிய மெட்டு, மற்றது கமகங்களும் விரைவுச் சுரங்களும் நிறைந்த அலங்கார வடிவம். அன்றைய பாடகர்கள் ஒரு மெட்டை எப்படி அணிசெய்து பாடினர் என்பதற்கு அரிய சான்று இது. ஆனால் அந்த மாபெரும் பாட்டைக் கேட்ட படகோட்டி, காதுக்கு இன்பமாக இருந்தது, நெஞ்சு இளகவில்லை என்று சொல்லிவிடுகிறான். பிறகு அவன் உறங்கிவிட, ஆர்ஃபியஸ் படகைத் தானே செலுத்திச் செல்கிறான். குரல் அலங்காரத்தால் மட்டும் நாடகம் நகராது என்பதை ஓபரா தன் பிள்ளைப் பருவத்திலேயே அறிந்திருந்தது.

வெனிஸ்: கட்டணம் கொடுத்த கூட்டம்

அரசவையின் சொத்தாக இருந்த கலை 1637இல் கடைத்தெருவுக்கு வந்தது. வெனிஸ் நகரில் சான் கசியானோ அரங்கம் கட்டணம் செலுத்தும் எவருக்கும் கதவு திறந்தது. 'ஆந்த்ரோமெடா' அங்கே நடந்த முதல் ஓபரா. மாடி மாடியாக அமைந்த தனியறைகளைப் பணக்காரக் குடும்பங்கள் ஆண்டு வாடகைக்கு எடுத்தன, தரைத்தளம் மற்றவர்களுக்கு. வாயிலில் லிப்ரெட்டோ விற்றார்கள். சிறு மெழுகுத்திரியைக் கையில் ஏந்திக் கதையை வரிக்கு வரி படித்தபடி பார்ப்பது வழக்கம். மெழுகு சொட்டிய கறையோடு அந்நூல்கள் சில இன்றும் நூலகங்களில் கிடக்கின்றன.

சந்தை கலையை மாற்றியது. செலவு மிகுந்த சேர்ந்திசைக் குழுக்கள் சுருங்கின. புகழ்பெற்ற பாடகர்களின் ஊதியம் ஏறியது. வேலைக்காரர், செவிலியர் போன்ற நகைச்சுவைப் பாத்திரங்கள் பெருகின. மேடைப் பொறியாளர் ஜாக்கோமோ டொரெல்லி அமைத்த இயந்திரத்தில் ஒரே ஒருவர் ஓர் எடையை விடுவித்தால் போதும். இருபுறத்துப் பக்கத் தட்டிகளும் ஒரே நொடியில் நகர்ந்து, காடு அரண்மனையாகும். முதுமையில் வெனிஸ் மேடைக்கு எழுதிய மாண்டெவெர்டி, 1643இல் 'போப்பேயாவின் முடிசூட்டு' என்ற ஓபராவில் புராணத்தை விட்டு வரலாற்றுக்கு வந்தார். அதில் ரோமப் பேரரசன் நீரோவும் அவன் காதலியும் தம் வழியில் நின்றவர்களை அகற்றி வெல்கிறார்கள். அறம் தோற்கும் கதை மிக இனிய இசையில் முடிகிறது.

குரலின் ஆட்சி

பிரான்சின் முதலமைச்சர் கார்டினல் மசரன் 1647இல் லூயிஜி ரோசியின் 'ஆர்ஃபியோ'வைப் பாரிஸில் நடத்தி, இத்தாலிய ஓபராவைப் பிரெஞ்சு அரசவைக்குக் காட்டினார். அதன் ஆடம்பரச் செலவு கடும் எதிர்ப்பைக் கிளப்பியது. பிரான்சுக்கென்று தனி வடிவம் தந்தவர், ஃப்ளோரன்ஸில் பிறந்து பதினான்காம் லூயியின் அவையில் உயர்ந்த ஜான் பாப்டிஸ்ட் லூலி. 1672இல் ஓபரா நடத்தும் உரிமையை அரசரிடமிருந்து தமக்கே பெற்றுக்கொண்ட அவர், பிரெஞ்சு நாடக நடிகர்களின் வசன நடையை ஒட்டி ரெசிட்டட்டிவோவை அமைத்தார். நடனத்துக்கும் சேர்ந்திசைக்கும் பெரும் இடம் அளித்தார்.

பிற நாடுகளில் இத்தாலியக் குரலே ஆண்டது. 18ஆம் நூற்றாண்டின் 'ஓபரா சீரியா', அதாவது கம்பீர ஓபரா, இரண்டு கூறுகளால் ஆனது. கதை ரெசிட்டட்டிவோவில் விரைந்து நகரும். பிறகு காலம் நிற்க, ஒரு பாத்திரம் தன் உணர்ச்சியை 'ஆரியா' என்ற தனிப்பாடலில் கொட்டும். ஆரியாவின் முதற்பகுதி, இடைப்பகுதிக்குப் பின் மீண்டும் வரும். அந்த மீள்வரவில் பாடகர் தம் கற்பனைக்கேற்ப அணிசெய்து பாடுவார். பாடி முடித்துக் கைத்தட்டலோடு மேடையை விட்டுச் செல்வார். கவிஞர் மெட்டாஸ்டாசியோவின் ஒரே நூலுக்குப் பல பத்து இசையமைப்பாளர்கள் இசையமைத்தார்கள். லண்டனில் ஹேண்டல் 1711இன் 'ரினால்டோ' முதல் இத்தாலிய ஓபராக்களை ஆங்கிலேயருக்குத் தந்தார்.

இந்த மேடையின் நாயகர்கள் காஸ்ட்ராட்டோ பாடகர்கள். குரல் உடையுமுன் விதை நீக்கப்பட்ட சிறுவர்கள் இவர்கள். வளர்ந்த ஆணின் நெஞ்சுக்கூடும் மூச்சும், சிறுவனின் குரல்நாணும் ஒரே உடலில் அமைந்தன. திருச்சபையின் பாடற்குழுக்களிலும் போப்பின் ஆட்சிப்பகுதி மேடைகளிலும் பெண்கள் பாடத் தடை இருந்தது இக்கொடுமைக்கு ஊக்கமாயிற்று. ஏழை வீட்டுப் பிள்ளைகளில் புகழடைந்தோர் மிகச் சிலர். உடல் சிதைந்து மறக்கப்பட்டோரே மிகுதி. புகழின் உச்சியில் நின்ற ஃபாரினெல்லி 1737இல் ஸ்பெயின் அரசவைக்குச் சென்றார். மனச்சோர்வில் வாடிய ஐந்தாம் பிலிப் மன்னருக்காக இரவுதோறும் பாடினார். ஒரு கலைவடிவம் அழகுக்காக மனித உடலிடம் கேட்ட இந்த விலையை அதன் வரலாற்றிலிருந்து பிரிக்க இயலாது.

இதே காலத்தில் எளிய மக்களின் வாழ்வு நகைச்சுவை வழியாக மேடையேறியது. 1733இல் நேப்பிள்ஸில், ஒரு கம்பீர ஓபராவின் அங்கங்களுக்கு இடையே, பெர்கொலேசியின் 'எஜமானியான வேலைக்காரி' நடந்தது. பாடும் பாத்திரங்கள் இரண்டே. 1752இல் அது பாரிஸில் நடந்தபோது, பிரெஞ்சு ஓபராவா இத்தாலிய ஓபராவா என்று அறிஞர் உலகமே இரண்டுபட்டது. தத்துவஞானி ரூசோ இத்தாலியர் பக்கம் நின்றார்.

க்ளூக்கும் மோட்ஸார்ட்டும்

பாடகரின் ஆட்சிக்கு எதிரான திருத்தம் மறுபடியும் ஆர்ஃபியஸின் பெயரிலேயே வந்தது. 1762 அக்டோபர் 5ஆம் நாள் வியன்னாவில் க்ளூக்கின் 'ஆர்ஃபியோவும் யூரிடிசேயும்' அரங்கேறியது, நூலாசிரியர் கால்சபீஜி. மீள்வரவு ஆரியாக்கள் இல்லை, கிளைக்கதைகள் இல்லை. பாதாள வாயிலில் ஆர்ஃபியஸ் யாழொலியோடு கெஞ்ச, காவல் நிற்கும் சினத்தெய்வங்கள் 'முடியாது' என்று ஒரே குரலில் இடிக்கின்றன. அந்த மறுப்பு மெல்ல மெல்லத் தளர்வதே காட்சி. கவிதைக்கு ஊழியம் செய்வதே இசையின் உண்மையான பணி என்று க்ளூக் தம் 'அல்செஸ்டே'யின் முன்னுரையில் அறிவித்தார்.

ஆயினும் அவருடைய ஆர்ஃபியஸ் மனைவியை இரண்டாம் முறை இழந்தபின் பாடும் புகழ்பெற்ற புலம்பல், மகிழ்ச்சிக்கு உரியதாகக் கருதப்படும் மேஜர் சுரவரிசையில் அமைந்தது. அதே மெட்டில் மகிழ்ச்சியான சொற்களையும் பொருத்திப் பாடலாம் என்று 19ஆம் நூற்றாண்டில் விமர்சகர் எடுவார்ட் ஹான்ஸ்லிக் சுட்டினார். இசைக்கு நிலையான பொருள் உண்டா என்ற பெரிய கேள்வியை இந்த ஒரு பாடல் கிளப்பிவிட்டது.

மோட்ஸார்ட் 1781இல் தம் தந்தைக்கு எழுதிய கடிதத்தில் க்ளூக்குக்கு நேர்மாறான கருத்தைச் சொன்னார்: ஓபராவில் கவிதை, இசைக்குக் கீழ்ப்படிந்த மகளாக இருக்க வேண்டும். இப்படிச் சொன்னவர் கவிஞரைப் புறக்கணிக்கவில்லை. லொரென்சோ தா பொந்தேயின் நூல்களுக்கு 'ஃபிகாரோவின் திருமணம்' (1786), 'டான் ஜோவன்னி' (1787), 'எல்லாப் பெண்களும் அப்படித்தான்' (1790) ஆகிய மூன்றையும் அமைத்தார். 'ஃபிகாரோ'வின் இரண்டாம் அங்க இறுதிக்காட்சி இருவர் சண்டையில் தொடங்கி, ஒவ்வொருவராக உள்ளே வந்து, ஏழு பேர் ஒரே நேரத்தில் பாடுவதில் முடிகிறது. ஏறத்தாழ இருபது நிமிடம் இசை நிற்பதே இல்லை, கதையும் நிற்பதில்லை. ஆரியாவில் உறைந்துகிடந்த காலத்தை மோட்ஸார்ட் ஓடவிட்டார். 1791இல் புறநகர் அரங்கொன்றில் ஜெர்மன் மொழியில் நடந்த 'மாயக் குழல்' சாமானிய மக்களைக் கவர்ந்தது; அரங்கேறிய பத்து வாரங்களுக்குள் அவர் இறந்தார்.

19ஆம் நூற்றாண்டு: மக்கள் மேடை

அடுத்த நூறாண்டுகளில் ஓபரா ஐரோப்பிய நகரங்களின் பொது மொழியாயிற்று. ரோசினியின் 'செவில் நகர நாவிதன்' 1816இல் ரோம் நகரில் முதல் இரவு கூச்சலில் மூழ்கி, பிறகு உலகெங்கும் நிலைத்தது. பெல்லினியும் டொனிசெட்டியும் நீண்ட மூச்சில் விரியும் மெட்டுகளால் துயரக் கதைகளை நெய்தனர்.

ஜுசெப்பே வெர்டி மெட்டையும் நாடகத்தையும் ஒரே முடிச்சில் கட்டினார். விக்டர் ஹியூகோவின் நாடகம் ஒன்று 1832இல் ஒரே இரவு நடந்து பிரான்சில் தடைசெய்யப்பட்டிருந்தது. அதையே வெர்டி எடுத்துக்கொண்டார். தணிக்கையாளர்கள் அரசனைச் சிற்றரசனாக்கச் சொன்னார்கள். 'ரிகொலெட்டோ' என்ற பெயரில் 1851இல் வெனிஸில் அது அரங்கேறியது. மூன்றாம் அங்கத்தில் நால்வர் பாடும் பகுதி, ஓபராவால் மட்டுமே இயலும் ஒன்றைச் செய்கிறது. ஓர் இடிந்த விடுதிக்குள் சிற்றரசன் ஒரு பெண்ணிடம் காதல் மொழி பேசுகிறான். அவள் சிரித்துத் தட்டிக்கழிக்கிறாள். வெளியே இருட்டில், அவனை நம்பிய கில்டா அதைக் கேட்டு நொறுங்குகிறாள். அவள் தந்தை பழிவாங்கச் சூளுரைக்கிறான். மயக்கம், ஏளனம், துயரம், சினம் நான்கும் நான்கு மெட்டுகளில் ஒரே நேரத்தில் ஒலிக்கின்றன. நான்கும் தனித்தனியே கேட்கின்றன. பேச்சு நாடகத்தில் நால்வர் ஒன்றாகப் பேசினால் எதுவும் விளங்காது.

ரிச்சர்ட் வாக்னர் வேறு வழி சென்றார். கருவியாக இருக்க வேண்டிய இசையை நோக்கமாகவும், நோக்கமாக இருக்க வேண்டிய நாடகத்தைக் கருவியாகவும் ஆக்கியதே ஓபராவின் பிழை என்று 1851இல் எழுதினார். தம் நூல்களைத் தாமே இயற்றினார். ஆளுக்கும் பொருளுக்கும் எண்ணத்துக்கும் தனித்தனிக் குறிமெட்டுகளை வகுத்து, அவற்றை இசைக்குழுவில் நெய்து, ஆரியா, ரெசிட்டட்டிவோ என்ற பிரிவையே கரைத்தார். பதினைந்து மணி நேர அளவுள்ள 'நிபெலுங்கின் மோதிரம்' நான்கு நாள் நாடகமாக 1876இல் பைராய்ட் நகரில் அவரே எழுப்பிய அரங்கில் முழுமையாக நடந்தது. அங்கே இசைக்குழு பார்வைக்குத் தெரியாமல் மேடைக்கடியில் மறைந்திருக்கும். அவையில் விளக்கணைத்து இருட்டாக்கினார்கள். யூதர்மீது அவர் எழுதிப் பரப்பிய வெறுப்பு அவருடைய கலைக்கும் நிழலாக இன்றும் தொடர்கிறது.

ஐரோப்பா உலகை ஆண்ட காலம் இது. கீழை நாடுகளும் மேடைக்குக் கதைக்களமாயின. 1863இல் பாரிஸில் அரங்கேறிய 'முத்துக் குளிப்போர்' இலங்கையின் கடற்கரையில் நிகழ்கிறது. அதற்கு இசையமைத்தபோது ஜார்ஜ் பிஸேக்கு வயது 24. மன்னார் வளைகுடாவின் முத்துக்குளித்துறையைத் தமிழர் நன்கறிவர். ஆனால் மேடையில் நடமாடும் நாதிர், சுர்கா, லைலா ஆகியோரின் பெயர்களில் தமிழும் இல்லை, சிங்களமும் இல்லை. இந்த நூல் முதலில் மெக்சிகோவைக் களமாகக் கொண்டு திட்டமிடப்பட்டது. ஊரை மாற்றினாலும் கதை மாறாது என்று ஆசிரியர்கள் கருதியதிலேயே, அவர்களுக்கு இலங்கை எவ்வளவு தொலைவில் இருந்தது என்பது விளங்கும். நண்பர் இருவர் பாடும் அதன் இணைப்பாடல் மட்டும் காலத்தை வென்றது. பிஸேயின் 'கார்மென்' 1875 மார்ச் 3இல் அரங்கேறிக் கண்டனத்துக்கு ஆளானது. சரியாக மூன்று மாதத்தில் அவர் இறந்தார். இன்று உலகில் மிகுதியாக நடிக்கப்படும் ஓபராக்களில் அது ஒன்று.

ஆர்ஃபியஸ் இந்நூற்றாண்டிலும் வந்தான். 1858இல் ஆஃபன்பாக் அக்கதையைக் கேலி நாடகமாக்கி, க்ளூக்கின் புலம்பலையும் அதில் இழுத்துவிட்டார். மறு ஆண்டே பெர்லியோஸ் க்ளூக்கின் படைப்பைச் செப்பம் செய்து, பொலின் வியார்தோ என்ற பாடகியை ஆர்ஃபியஸாக மேடையேற்றினார். வியன்னாவில் காஸ்ட்ராட்டோ, 1774இல் பாரிஸில் ஆண் டெனார், இப்போது பெண் என்று ஒரே பாத்திரம் மூன்று வகைக் குரல்களைக் கண்டது.

ஒலிபெருக்கியில்லாத குரல்

இசைக்குழுக்கள் பெருத்து எண்பது, நூறு பேர் வாசிக்கத் தொடங்கியபோதும் ஓபராப் பாடகர்களுக்கு ஒலிபெருக்கி கிடையாது. பயிற்சி பெற்ற குரல், குறிப்பாக ஆண்குரல், 3000 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணை ஒட்டிய பகுதியில் ஆற்றலைத் திரட்டுகிறது. இசைக்குழுவின் ஒலியாற்றல் 500 ஹெர்ட்ஸ் அளவில் உச்சம் கொண்டு, மேலே செல்லச் செல்லக் குறைகிறது. ஆகவே குழு முழங்கும்போதும் குரலுக்கு ஓர் இடைவெளி கிடைக்கிறது. மனிதச் செவி மிகக் கூர்மையாகக் கேட்பதும் அப்பகுதியைத்தான். தொண்டையையும் மூச்சையும் பல்லாண்டு பழக்கிப் பாடகர்கள் அடைந்த இத்திறனுக்கு ஒலியியல் 20ஆம் நூற்றாண்டில்தான் விளக்கம் தந்தது.

20ஆம் நூற்றாண்டும் அதன்பின்னும்

புச்சீனியின் 'லா போயெம்' (1896), 'டோஸ்கா' (1900), 'மதாம் பட்டர்ஃப்ளை' (1904) ஆகியன பழைய இத்தாலிய மரபு மக்களிடையே கண்ட கடைசிப் பெரும் வெற்றிகள். அவர் முடிக்காமல் விட்ட 'துரந்தோ' 1926இல் மிலானின் லா ஸ்காலாவில் அரங்கேறியபோது, அவர் எழுதிய கடைசி இடத்தில் நடத்துநர் டொஸ்கனீனி இசையை நிறுத்திவிட்டார்.

புதிய தலைமுறை சொல்லை வேறு விதமாக அணுகியது. 1902இல் டெபுசி 'பெலெயாஸும் மெலிசாந்தும்' ஓபராவில் ஓர் உரைநடை நாடகத்தையே ஏறத்தாழ அப்படியே பாடவைத்தார். 1925இல் பெர்லினில் அரங்கேறிய அல்பன் பெர்க்கின் 'வொசெக்' ஓர் ஏழைப் படைவீரன் வதைபட்டுக் கொலைகாரனாவதைச் சொல்கிறது. கொலை நிகழ்ந்த உடனே முழு இசைக்குழுவும் ஒரே ஒரு சுரத்தை மெல்லத் தொடங்கித் தாங்கமுடியாத உரப்புக்கு ஏற்றுகிறது. ஒரு சுரமே அங்கே ஒரு காட்சியாகிறது. 1945இல் பெஞ்சமின் பிரிட்டனின் 'பீட்டர் கிரைம்ஸ்' ஆங்கில ஓபராவுக்குப் புதுவாழ்வு தந்தது. ஃபிலிப் கிளாஸின் 'சத்தியாகிரகம்' 1980இல் ராட்டர்டாமில் அரங்கேறியது. தென்னாப்பிரிக்காவில் காந்தி நடத்திய போராட்டத்தைச் சொல்லும் இது முழுவதும் பகவத்கீதையின் சமஸ்கிருத வரிகளில் பாடப்படுகிறது. பார்வையாளருக்குச் சொல் புரிய வேண்டியதில்லை என்று கிளாஸ் முடிவெடுத்தார்.

அதற்கு மூன்றாண்டுகளுக்குள் நேரெதிரான மாற்றமும் வந்தது. 1983இல் டொராண்டோவில் கனடிய ஓபரா நிறுவனம் 'எலெக்ட்ரா' ஓபராவின் மொழிபெயர்ப்பை மேடைக்கு மேலே திரையில் ஒளிரச் செய்தது. விரைவில் உலக அரங்குகள் பலவும் இதைப் பின்பற்றின. வெனிஸ் மக்கள் மெழுகொளியில் படித்ததை இன்றைய மக்கள் தலைக்கு மேலே படிக்கிறார்கள். 2006 முதல் நியூயார்க் மெட்ரோபாலிடன் ஓபரா தன் நிகழ்ச்சிகளைத் திரையரங்குகளுக்கு நேரலையாக அனுப்புகிறது. மும்பையின் ராயல் ஓபரா ஹவுஸ் பழுதுபார்க்கப்பட்டு 2016இல் மீண்டும் திறந்தது.

சொல்லா, இசையா என்ற வழக்கை ரிச்சர்ட் ஸ்ட்ராஸ் ஓர் ஓபராவாகவே எழுதினார். 1942இல் அரங்கேறிய 'கப்ரிச்சியோ'வில், க்ளூக்கின் காலத்துப் பிரபுகுலப் பெண்ணொருத்தியைக் கவிஞரும் இசையமைப்பாளரும் காதலிக்கிறார்கள். இருவரில் ஒருவரைத் தேர்ந்தெடுப்பது கலைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதாகும். நாடகம் முடியும்வரை அவள் முடிவு சொல்வதில்லை. வரலாறும் ஒரு பக்கமாகத் தீர்ப்பளிக்கவில்லை. பாடகரின் திறமையை மட்டும் நம்பிய ஓபராக்கள் பல அந்தப் பாடகரோடு மறைந்தன. கொள்கையை மட்டும் நம்பியவை புத்தகங்களில் தங்கின. மாந்துவாவின் தூதுப்பெண்ணும் ரிகொலெட்டோவின் நால்வரும் இன்றும் மேடையில் இருக்கிறார்கள். அவ்விடங்களில் இசையை எடுத்துவிட்டால் சொல் வெறும் செய்தியாகிவிடும். சொல்லை எடுத்துவிட்டால் இசைக்கு நிற்க நிலமிராது. ஓபராவில் நிலைத்தவை எல்லாம் இந்தச் சமநிலையைக் கண்டடைந்தவையே.